இடி வாத்தியார் வாய் திறக்காத மாதம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'இடி வாத்தியார்' என்பார்கள். வண்டி எதிலாவது இடிக்கும் முன்பே அவர் குரல் இடித்துவிடும். பயிற்சிப் பள்ளியின் சொந்தக்காரர் அடுத்த தெருவில் அந்தச் சத்தம் கேட்டதுமே, "நம்ம வண்டி வந்துட்டு இருக்கு" என்று கேட்டைத் திறந்து வைப்பார். மனிதர் தங்கமானவர்தான். பயம் வந்தால் கத்துவார், அவ்வளவுதான். பக்கத்தில் புது ஆள் ஓட்டும்போது பயம் வராமல் இருக்குமா? அவர் மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். பாதி வழியில் இறங்கி, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். அதோடு சரி.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை. ஆனால் அதை அறுத்து எடுத்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது."

வீட்டில் சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் தன் கணினியை அவர் முன்னால் நகர்த்தினாள். "அப்பா, நீங்க கத்துறதையெல்லாம் இந்த ஏஐகிட்ட எழுதுங்க. திரையில ஓட்டிப் பார்க்கிற மாதிரியே ஒரு விளையாட்டு செஞ்சு தரும்."

எழுதினார். மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு தெரு, நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே காலி இடம், திருப்ப ஒரு ஸ்டியரிங். கேட்டது வந்தது. ஓட்டினால் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. தப்பு என்று தட்டினார். அடுத்து அது செய்து தந்த கார் தட்டில் வைத்த பூசணிக்காய் மாதிரி நின்ற இடத்திலேயே சுழன்றது. கத்த வாயெடுத்தவர், மகள் முறைத்ததும் மூடிக்கொண்டார். இத்தனை காலம் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி "ஒடி, ஒடி!" என்று கத்தி முடித்ததையெல்லாம் உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று. முன் சக்கரம்தான் திரும்பும். பின்னால் வரும்போது காரின் மூக்கு வெளியே வீசும். சக்கரம் போகிற தடத்தைக் கோடாகக் காட்டு. கடைசியில் அது காராக நடந்துகொண்டது.

"நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று மனைவி வந்து உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் பக்கத்துக் காரில் மோதினாள். பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் கார் அமைதியாகப் பழைய இடத்துக்குப் போய் நின்றது.

அதன் பிறகு அவள் வேண்டுமென்றே மோத ஆரம்பித்தாள். சீக்கிரமாகத் திருப்பிப் பார்த்தாள், தாமதமாகத் திருப்பிப் பார்த்தாள், அடுப்பில் வைத்த பாலை மறந்தாள்.

"சீக்கிரம் ஒடிச்சா பின்பக்கம் நடைபாதையில ஏறுது. லேட்டா ஒடிச்சா மூக்கு ரோட்டுல நிக்குது. இதை ஏங்க நீங்க சொல்லவே இல்ல?"

'சொன்னேன்' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

"சொல்லல. கத்தினீங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பயிற்சிப் பள்ளிக் கணினியிலும் அதைப் போட்டு வைத்தார்கள். புதியவர்கள் திரையில் பயமில்லாமல் மோதித் தள்ளிவிட்டு வண்டிக்கு வந்தார்கள். மனைவி காலையில் ஆளில்லாத தெருக்களில் நிஜ வண்டியை எடுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, பேசாமல் வந்தார்.

மாதம் முடிந்து டாக்டரைப் பார்க்கப் போனபோதும் அவள்தான் ஓட்டினாள். மருத்துவமனை வாசலில் முதல் தடவை வண்டி கோணலாக நின்றது. யாரையும் பார்க்காமல் முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் வந்து, நேராக நிறுத்தினாள்.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பேசுங்க பார்ப்போம்" என்றார்.

"இவதான் வண்டி ஓட்டிட்டு வந்தா" என்றார் அவர், கரகரத்த குரலில்.