காலுக்கு வயசாகாது என்ற முனிரத்தினம்

முனிரத்தினம் செத்துப்போனான். காலையில் கே.ஜி.கண்டிகையிலிருந்து அவன் மகள் போன் பண்ணினாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது... இன்னும் அடங்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

எழுபதுகளில் திருத்தணியில் ஒரே கொட்டகையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துத் தறி. குழித்தறி. இடுப்புக்குக் கீழே குழிக்குள், மேலே வெளியில். நாள் முழுக்கக் கால் மிதிக்கட்டையில்.

அதை வைத்து ஒரு சயின்ஸ் கண்டுபிடித்தான் பாவி.

"ஐஸ் பொட்டில வெச்ச மீனு கெடாது, வெளிய வெச்சா நாறும். ஆங்? நம்ம காலு மண்ணுக்குள்ள குளுந்துகினு கீது. தலைக்கு முப்பது வயசுன்னா காலுக்கு இருவதுதான் பாவா."

பாவா என்றால் மச்சான். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவனுக்கு நான் பாவாதான்.

"அப்போ உன் பொண்டாட்டி எந்த வயசுக்காரனுக்கு வாக்கப்பட்டா?" என்றேன்.

"ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிக்கோ. இருவத்தஞ்சு. மாப்பிள்ளைக்கு நல்ல வயசு!"

கொட்டகையே தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

சாப்பிட்டதும் உட்கார்ந்தபடி தூங்கினால் சோறு வழி தெரியாமல் தலைக்கு ஏறிவிடும் என்பான். "நம்பலன்னா தாலுக்கா ஆபீஸ் போய்ப் பாரு, எல்லாருக்கும் ஏறிக் கீது."

நானும் சிரித்தவன்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் அவனுக்குத் தண்ணீர் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தான். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தான். கொட்டகைக்குப் பின்னால் அவன் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு வரிசை கட்டியது.

அதையும் ஆள் கூப்பிட்டுக் காட்டினான். "எறும்புக்கு அன்னதானம் பண்றேன்."

"டேய், அது சக்கர வியாதிடா. டாக்டரைப் பாரு."

"சக்கர வெளியதானே போவுது பாவா? உள்ளயே இருந்தாதானே பயம்? குப்பைய வெளிய கொட்டினா வூடு சுத்தமா, அழுக்கா?"

என்ன பதில் சொல்வது? எனக்கு வாய் வராது. அவன் சொல்வது தப்பு என்று தெரியும், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது. அந்த ஆத்திரம் இருக்கிறதே...

அவன் பெண்டாட்டி வேணி ஒருநாள் என் வீட்டுக்கே வந்தாள். "அண்ணா, நீங்க சொன்னாதான் கேப்பாரு. ஒருவாட்டி அரக்கோணத்து டாக்டருகிட்ட இட்டுகினு போங்க. எனக்கு பயமா கீதுண்ணா."

கையைப் பிடித்து ஸ்டேஷன் வரை இழுத்துக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் ஆரம்பித்துவிட்டான்.

"ஊசி குத்தினா சைக்கிள் ட்யூப்பு இன்னா ஆவும்?"

"காத்து எறங்கும்," என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்.

"அப்போ மனுசன் மட்டும் எப்டி நிப்பான்? டாக்டர் எங்கன்னா பஞ்சர் ஒட்டி அனுப்பறானா?"

சுற்றிக் கூட்டம். ஒரே சிரிப்பு. ரயில் வந்தது, போனது. அவனும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

அந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான். உச்சி வெயில். மலைப் படி ஒவ்வொன்றும் தோசைக்கல். நாங்கள் எல்லாம் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓரத்து நிழலுக்கு ஓடுகிறோம்...

இவன் மட்டும் வயல் வரப்பில் நடப்பது போல நடுப்படியில் நிதானமாக ஏறுகிறான்!

"முருகா, உன் அருளே அருள்" என்று ஒரு பொம்பளை அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பாத்தியா பாவா? குழிக் காலு! சூடே தெரில."

மேலே போய்க் காவடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் பாதத்தைப் பார்த்தேன். அடித்தோல் மொத்தமும் கழன்று தொங்குகிறது. உள்ளே பச்சைச் சதை.

நான் விரலை வைத்து அழுத்தினேன். "தெரியுதா?"

"எங்க தொடற பாவா?" என்று கேட்டான்.

சிரித்துக்கொண்டே கேட்டான். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகு அவனும் நிறுத்தினான்.

மறுநாள் அரக்கோணத்துக்கு ரயிலில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். பிரயோஜனம் இல்லை. ஒரு காலில் புண் உள்ளே ஓடிவிட்டது. மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைக் காலால் குழித்தறி மிதிக்க முடியாது. அதோடு அவன் தறி நின்றது.

வார்டுக்குப் போகும்போது திட்ட வேண்டிய திட்டெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"ரத்தம் ஓடற தூரம் கொறஞ்சிபூட்ச்சு பாவா. இதயத்துக்கு இனிமே வேல கம்மி. உனக்கு முன்னாடி நான் போவ மாட்டேன், பாரு."

வேணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போதும்டா உன் சயின்ஸு!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவன் போர்வையைப் பார்த்தான். கால் இல்லாத பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது.

"இதையும் வுட்டா வேற இன்னா பாவா பேசறது? நீயே சொல்லு."

அன்றும் வாய் வரவில்லை.

அதற்கப்புறம் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான்... அதை இங்கே சொல்ல மாட்டேன், பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற இடம்.

எனக்கு ரெண்டு காலும் இருக்கிறது. ரெண்டு முட்டியும் தேய்ந்து, வாசலைத் தாண்டவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவனோ ஒற்றைக் காலில் இத்தனை வருஷம் ஓட்டினான். எனக்கு முன்னால் போக மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டினான்.

ஆட்டோ வந்துவிட்டது. நான் வரும்வரை எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இருடா முனிரத்தினம். வந்துகினே இருக்கேன்.