கையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள்

கரீபியன் கடலில் இருக்கும் இந்தப் பொனேர் தீவில் அடுத்தவர் சட்டையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடை வரிசையில் முன்னால் நின்றவரின் பனியன் நல்ல இன்டர்லாக் துணியாகத் தெரிந்தது. ஓரத்தைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துவிட்டேன். அவர் பர்ஸைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். "நைஸ் காட்டன்" என்றேன்; இன்னும் தள்ளி நின்றார். எங்கள் வீரபாண்டியில் கல்யாணப் பந்தியில்கூட பக்கத்து இலைக்காரரின் சட்டையைத் தடவி, "எந்தக் கம்பெனித் துணிங்க?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

பல வருடம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்த கை இது. இங்கே வந்து ஹோட்டல் லாண்டரியில் துண்டு மடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூபா சான்றிதழ் வாங்கினால் டைவிங் படகு வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். சாயம் கலந்து ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இறங்கினால் தன் கால்விரல் தெரிகிற தண்ணீர் என்பதே பெரிய ஆசை. அந்த வேலைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பயிற்சியாளர் மார்லன் உள்ளூர்க்காரர். படகில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது "நோ டச்" மட்டும்தான். கையுறைகூடக் கூடாது, போட்டால் தொடத் தைரியம் வந்துவிடுமாம். கீழே எல்லோரும் மீன்களைப் பார்த்தார்கள். நான் பார்த்தது ஊதா நிற விசிறிப் பவளத்தை. மெஷ் துணி மாதிரி அலைக்கு அசைந்தது. என்ன கனம், எத்தனை ஜிஎஸ்எம் இருக்கும் என்று நினைப்பதற்குள் கை போய்விட்டது. மார்லன் மணிக்கட்டைப் பிடித்து என்னை மேலே கூட்டிவந்தார். அது உயிர், விரல் தேய்த்த இடம் செத்துப்போகலாம், இன்னொரு முறை தொட்டால் சான்றிதழ் கிடையாது என்றார். எங்கள் ஊர்ப் பழக்கம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். உங்கள் ஊரிலும் பவளம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டே இறங்கினேன். கடைசித் தேர்வன்று கடலாமை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் சாவகாசமாகப் போனது. விரல்களை அக்குளில் இறுக்கிக்கொண்டேன். சான்றிதழும் வந்தது, படகு வேலையும் கிடைத்தது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காதர்பேட்டையில் என் மனைவியின் அண்ணன் பனியன் கடை வைத்திருக்கிறார். புதுச் சரக்கை மேசையில் விரித்தார். குனிந்து பார்த்து, "நல்லாருக்குதுங்க மச்சான்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க மாப்ள, தொட்டுக்கூடப் பாக்கலீங்க? துணி புடிக்கலீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன், கை கட்டியபடியே இருந்தது. அவரே என் கையைப் பிரித்துத் துணிமேல் வைத்தார். "இப்பச் சொல்லுங்க."

விரல்கள் தாமாகத் தேய்க்கத் தொடங்கின. நான் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன், பின்னால் மார்லன் நிற்கிறாரா என்று.