தாழ்ப்பாள் போடாத சிப்பாய்

முதல் தடவை அந்தக் குழாய்க்குள் நான் இருந்தது பதினோரு விநாடி. இரண்டாம் தடவை நல்ல முன்னேற்றம், கிட்டத்தட்ட ஒரு நிமிடம். இரண்டு தடவையும் அவசரத்துக்கு அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள். நான் அழுத்திய அழுத்தலில் அது இன்னும் உருண்டையாக இருப்பதே ஆச்சரியம்.

கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். இடது கை ஒரு மாதமாக என் பேச்சைக் கேட்பதில்லை. காபி டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள். படம் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன், தள்ளிப்போட்டால் காலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்கம் கொடுத்து எடுக்கலாமே என்றால், என் குறட்டையின் வரலாற்றைக் கேட்ட மயக்க மருந்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஆகவே முகத்துக்கு நாலு விரற்கடை மேலே கூரை வைத்த பொந்தில், விழித்த கண்ணோடு அரை மணி நேரம் கிடக்க வேண்டும். அலுவலக விழாவில் மைக்கைப் பிடித்தால் முந்நூறு பேரைச் சிரிக்க வைப்பவன் நான். அந்தப் பொந்தில் முதல் விநாடியிலேயே எனக்கு ஜோக்கும் மறந்துவிட்டது, மூச்சும் மறந்துவிட்டது.

மூன்றாம் தடவை அப்பாவும் வந்தார். எண்பத்துமூன்று வயது. பெஹாலா வீட்டிலிருந்து அலிப்பூர் ஆஸ்பத்திரி வரை டாக்ஸியில் அவர் வாய் திறக்கவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது என்பதால் அவர் பங்கையும் சேர்த்து நானே பேசினேன். காத்திருக்கும் அறையிலும் விடவில்லை.

"ரெண்டு உலகப் போர்லயும் சண்டை போட்டவரோட பேரன் ஒரு மிஷினுக்குப் பயந்து ஓடறான். தாத்தா பாத்திருந்தா சுட்டே போட்டிருப்பாரு."

"அவரு யாரடா சுட்டாரு?" என்றார் அப்பா. "ரெண்டு தடவையும் மம்பட்டிதான் குடுத்தாங்க. மண்ணு வெட்டினாரு."

எனக்குக் கொஞ்சம் அவமானமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வங்காளி நண்பர்களிடம் தாத்தா நாற்பது பேரை வீழ்த்தியதாகச் சொல்லி, வாரம் ஒரு முறை எண்ணிக்கையை உயர்த்தி வந்தவன் நான்.

தாத்தா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெளிக்கதவு ஓரத்தில் கட்டில் போட்டுக்கொண்டு, மழைச்சாரல் அடித்தாலும் உள்ளே வராத பெரிய மீசைக்காரர். டிராமில் ஏறினால் படிக்கட்டை ஒட்டிய இருக்கைதான். அது காலியில்லை என்றால் அடுத்த டிராம். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு நின்றால் அடுத்தவர் நுழையலாம் என்பது சட்டம். அம்மா சாமி பாட்டு, நான் சினிமாப் பாட்டு, தாத்தா மட்டும் "லெப்ட் ரைட், லெப்ட் ரைட்". தாழ்ப்பாள் உடைந்து, யாரும் மாற்றவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"உடையல. அவருதான் கழட்டிப் போட்டாரு," என்றார் அப்பா. "வடாற்காட்டுலேருந்து பதினேழு வயசுல பட்டாளத்துக்குப் போனாரு. பஸ்ரா பக்கம் ஆத்தங்கரையில பள்ளம் வெட்டறப்ப மண்ணு சரிஞ்சு மூடிக்கிச்சு. உள்ள இவரும் இன்னொருத்தரும். ஒரு பகல் பூரா. அந்த ஆளு இருட்டுல பேசிக்கிட்டே இருந்தாராம். சாயங்காலம் பேச்சு நின்னுபோச்சு."

பாட்டு நின்றால் நுழையலாம் என்ற சட்டம் எனக்குச் சட்டென்று வேறு மாதிரி கேட்டது.

"அப்புறம் எதுக்குப்பா ரெண்டாவது போருக்கும் போனாரு?"

"வேற என்ன தெரியும்? இங்க வந்து கிதிர்பூர் துறைமுகத்துல கோடவுன் வாசல்ல காவல் இருந்தாரு, அதையும் மூடிட்டாங்க. நான் எங்கம்மா வயித்துல. மீசைக்கு மை தடவி, வயசக் கொறச்சுச் சொல்லிட்டுப் போனாரு. அஸ்ஸாம் மலையில ரோடு போடற வேலை. மழையில மலை சரிஞ்சு ஏழெட்டுப் பேரு உள்ள மாட்டிக்கிட்டாங்க. பொந்து மாதிரி ஒரு சந்து. ஊர்ந்து போக ஒல்லியான ஆளு வேணும்னாங்க. இவரு போனாரு."

"பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? உள்ள போனதும் டவுசரை நனைச்சிட்டாராம், அவரே சொன்னதுதான். கணுக்கால்ல கயிறு கட்டி வெளிய ஒருத்தன் புடிச்சிருந்தான். அப்பப்போ ஒரு சுண்டு சுண்டுவான். நான் இருக்கேன்னு அர்த்தம். அந்தச் சுண்டு மட்டும் இல்லேன்னா நானும் உள்ளயே போயிருப்பேன்னாரு. ரெண்டு பேர இழுத்துட்டு வந்தாரு. மத்தவங்க…" கையை விரித்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நான்காவது முறையாகக் கழிவறைக்குப் போய் வந்தேன். அதற்குள் அப்பா ஸ்கேன் எடுக்கும் இளைஞனிடம் வங்க மொழியில் பேசி, தானும் உள்ளே வர ஏற்பாடு செய்திருந்தார்.

"மேஷோமோஷாய், உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது," என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டபடி அவன் அப்பாவிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கினான். கடிகாரம் போயிற்று. காது கேட்கும் கருவி போயிற்று. பெல்ட்டும் போயிற்று. அப்பா ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் வலது கணுக்காலைப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீர பரம்பரையின் மூன்று தலைமுறையில் அப்போது கம்பீரமாக இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

பலகை உள்ளே நகர்ந்தது. கூரை வந்தது. தொண்டைக்குள் மண் விழுவது போல இருந்தது. சத்தியமாக மண் ருசியே தெரிந்தது. செத்துப் போகிறேன், மனைவியிடம் சொல்ல எத்தனையோ இருக்கிறது, இந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டேயா போவது என்று விரல்கள் பந்தை இறுக்கின. அந்த நேரத்தில் கணுக்காலில் ஒரு சுண்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மிஷின் பீரங்கி போல இடித்தது. என் காதில் அடைப்பான், அவர் காதில் கருவி இல்லை. ஒருவரை ஒருவர் கேட்க வழியே இல்லை. சுண்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் உதட்டை அசைக்காமல் மனசுக்குள் லெப்ட் ரைட் போட்டேன்.

பிறகு சுண்டு நின்றுவிட்டது.

நூறு வரை எண்ணினேன். வரவில்லை. எண்பத்துமூன்று வயது, காலையில் மாத்திரை போட்டாரா தெரியாது. அப்பா போய்விட்டார், என் காலைப் பிடித்தபடியே போய்விட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். பந்தை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அழுத்தாவிட்டால் அப்பா. கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக்கூட முடியாது. அழுத்தவே விரலை மடக்கினேன். அதே நேரத்தில் மிஷின் ஒரு கணம் ஓய்ந்தது. அடைப்பானையும் தாண்டிக் கேட்டது, எங்கள் குடும்பக் குறட்டை. கை மட்டும் கணுக்காலை விடவில்லை.

வெளியே வந்தபோது அப்பா விழித்து, "முடிஞ்சுதா? பயந்தியா?" என்றார்.

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

கருவி இன்னும் மாட்டவில்லை. "ஆமா, நல்ல ஏசி," என்றார்.

படத்தைப் பார்த்த டாக்டர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. நாளை மறுநாள் ஆபரேஷன். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். இதை வலது கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட யாரையாவது விடுவீர்களா என்று ஐம்பத்துமூன்று வயது ஆண்மகன் நான் நர்ஸிடம் கேட்டுப் பார்த்தேன். மாட்டார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பார்வை என் கணுக்காலுக்குப் போனது.

"வெளிய பெஞ்சுலேருந்து உள்ள மேசை வரைக்கும் எத்தன அடி இருக்கும்?" என்றார்.