தொட்டியில் நின்ற தண்ணீர்

சென்னையில் மகள் குடியேறிய வாடகை வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது. நம்ம ஊர்க் கண்ணுக்கு அது மாட்டுத் தொட்டிதான். வழவழப்பு கொஞ்சம் ஜாஸ்தி. போன வாரம் அதன் அடைப்பான் சிக்கிக்கொண்டது. முழங்கால் வலியோடு குனிந்து, கத்தி முனையால் விளிம்பை நெம்பினேன். அது சட்டென்று விட்டுக்கொடுக்க, தண்ணீர் களக்கென்று இறங்கியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா ஆச்சு?" என்றாள் மகள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு சிமெண்ட் தொட்டி. அடியில் ஓட்டை, அதை அடைக்கத் துணி சுற்றிய கட்டை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை. கரண்ட்டும் போய்விடும், குழாயில் தண்ணீர் வராது என்று தெருவே பேசியது. முன்கூட்டியே பயப்படுவது எங்கள் குடும்ப வழக்கம். நானும் குறைவில்லாமல் காப்பாற்றி வருகிறேன். அம்மா கட்டையைக் குழவிக்கல்லால் அடித்து இறுக்கி, தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள்.

அப்பா கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். வாரக் கடைசியில்தான் இறங்குவார். கூட வேலை பார்த்த சின்னசேலத்துக்காரர் ஒருவர், கல்யாணமாகாதவர், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். "அக்கா, ஒங்க ரசம் மலை வரைக்கும் மணக்குது" என்பார். "எவ்ளோ புகழ்ந்தாலும் ரெண்டாவது அப்பளம் கெடையாது தம்பி" என்று சொல்லிக்கொண்டே அம்மா மூன்றாவதை வைப்பாள். தெருவில் அப்பாவையும் அவரையும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இருவருமே 'மலை வாத்தியார்'.

அந்தச் சனிக்கிழமை இருவரும் வரவில்லை. மறுநாள் காலை பால்காரர் வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

"கச்சிராயபாளையம் ரோட்ல மலை வாத்தியாரு நேத்து வெட்டிப் போட்ட மரத்துல மோதி செத்துப் பூட்டாருங்க. ஆஸ்பத்திரில கெடக்குறாராம்."

"எந்த வாத்தியாரு?" என்று கேட்டாள் அம்மா.

"மலை வாத்தியாருதாங்க."

மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் வீட்டிலிருக்கும் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும்.

"இன்னாம்மா ஒக்காந்துக்கினு இருக்க? தொட்டியத் தொறந்து வுடு" என்றாள் அடுத்த வீட்டு அத்தை.

"ஆளப் பாக்காம தொறக்க மாட்டேன்."

"பாத்தா மட்டும் எழுந்து வந்துடுவாரா?"

அத்தையே தோள்வரை கையை விட்டுக் கட்டையை இழுத்தாள். துணி ஊறி உப்பியிருந்தது. கொண்டை அவிழ்ந்ததே தவிர கட்டை அசையவில்லை. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். எனக்குப் பத்து வயசு. தண்ணீர் இறங்கினால்தான் அப்பா நிஜமாகவே செத்துப்போவார் என்று எனக்குப் பட்டது. பாவாடையோடு தொட்டியில் குதித்துக் கட்டையின்மேல் நின்றுகொண்டேன். "எறங்குடி கழுத!" என்று அத்தை என் சடையைப் பிடித்தாள்.

அப்போதுதான் அப்பா வந்தார். வாய்க்கால் கரையோடு நடந்து, முழங்கால்வரை சேறு. அம்மா சத்தம்போட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

அப்பா கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினார். "இன்னாத்துக்கு இத்தினி பேரு? தம்பி வந்து சொல்லலியா? 'என் மொபெட்டு ரெண்டு பேரத் தாங்காது, நீங்க கச்சிராயபாளையத்துல தங்கிட்டு காலையில வாங்க சார், நான் முன்னால போயி அக்காகிட்ட சொல்லிடறேன்'னு நேத்து பொழுது சாய கெளம்பினானே."

அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னசேலத்துக்காரரின் உடலைப் பார்த்துத் திரும்பிய அப்பா நேராகக் குளியலறைக்குப் போனார். "வுடுங்க, அவரு இன்னா ஒங்களுக்குப் பங்காளியா?" என்றாள் அத்தை. சாவுத் தீட்டு, தண்ணீர் கொட்டுவது எல்லாம் பங்காளிக்குத்தான். அப்பா கடப்பாரையைத் தண்ணீருக்குள் விட்டு நெம்பினார். கட்டை பிளந்துகொண்டு வந்தது. கடைசித் தண்ணீர் இறங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

இப்போது மலைக்கு நல்ல ரோடு. வெட்டிய புளியமரங்களின் இடத்தில் யாரும் எதையும் நடவில்லை. மகள் வர அரை மணி தாமதமானால் அவள் இருக்கும் இடம் என் செல்போனில் ஒரு புள்ளியாக நகர்கிறது. அப்போதும் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். ஒருவர் பத்திரமாக இருக்கிறார் என்று சொல்ல இன்னொருவர் இருட்டில் கிளம்ப வேண்டியதில்லை. நல்லதுதான். அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்புகிற ஆட்களும் இல்லை.