பெரகல கடைக் கொப்பியில் எங்கள் பக்கம்

போன மாதம் மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டு பதுளையில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். அங்கிருந்த அலுவலர் என் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க பேர்ல ஒண்ணுமே இல்லயே, தம்பி" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பேச்சை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பெரகலயில் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கடன் இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். சம்பள நாள் வரைக்கும் கடையின் கணக்குக் கொப்பியில் எழுதிச் சாமான் எடுப்பது மற்றவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அப்பாவோ கையில் காசு இருந்தால் பருப்பு வாங்குவார், இல்லாவிட்டால் வெறும் ரொட்டியும் சம்பலும். ஏன் என்று கேட்டால், "எங்க தாத்தா பேரு கங்காணியோட கடன் கொப்பியில இருந்துச்சு. அவரு செத்தாரு, பேரு சாகல. அதுக்குக் கீழ எங்கப்பா பேரு ஏறுச்சு" என்பார். மாதத்துக்கு இரண்டு தடவையாவது இதைச் சொல்வார். நானும் தங்கச்சியும் அவருக்குப் பின்னால் நின்று, அவர் சொல்வதற்கு முன்பே வாயை அசைத்துக் காட்டிச் சிரிப்போம்.

அம்மாவின் தம்பியான மாமா இதற்கு நேர் எதிர். பெரகலயில் இரண்டு கடை, அப்புத்தளையில் ஒரு கடை, மூன்றிலும் அவர் பேரில் கடன் கணக்கு உண்டு. சம்பள நாளன்று தவறாமல் கட்டுவார். மறுநாள் விடிந்ததும் தவறாமல் எடுப்பார்.

அம்மாவுக்கு ஒரு தையல் மெஷின் தேவைப்பட்டது. கொழுந்து பறித்துவிட்டு வந்து, லயத்துப் பெண்களின் ரவிக்கைகளை அவர் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் இருந்தால் இரண்டு மடங்கு தைக்கலாம். அந்தக் காசில் என்னை ஆறாம் வகுப்புக்கு பஸ்ஸில் அப்புத்தளைக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் நான் தோட்டத்துப் பள்ளியோடு நிற்க வேண்டியதுதான், அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது.

அப்புத்தளையில் ஒரு கடையில் மெஷினைத் தவணைக்குக் கொடுத்தார்கள். மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குடும்பமாகவே போனோம்.

"இதுக்கு முன்னால எங்க கடன் எடுத்திருக்கீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கயும் இல்லீங்க. ஒரு சதங்கூட இல்ல."

"அப்ப ஒங்கள எப்பிடி நம்புறது?"

நிமிர்த்திய நெஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா அப்படியே நின்றார். எந்தக் கடையிலாவது மூன்று மாதம் கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டி, அதற்கு ஒரு கடுதாசி வாங்கிவரச் சொன்னார் கடைக்காரர். ஆள் அனுப்பிக் கொப்பியையும் பார்ப்பார்களாம்.

பஸ்ஸில் மாமாவுக்கு வாய் நிற்கவில்லை. "கடனே வாங்காதவன எவன் மச்சான் நம்புவான்? என்னயப் பாருங்க."

"ஒன்னயப் பாத்துத்தான்டா பயந்து கெடக்கேன்" என்றார் அப்பா.

பெரகல கடை முதலாளி சம்மதித்தார். நீளக் கொப்பியில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, தலைப்பில் அப்பாவின் பெயரை எழுதினார். முதல் கடன் ஒரு கிலோ சீனி. வீட்டுக்கு வந்து அந்தச் சீனி போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் குடித்த அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சாமானுக்கென்று ஒதுக்கி வைத்த காசு எப்போதும்போல டப்பாவில் இருந்தது. அதை எடுத்து என் கையில் பொத்தி, "ஓடு, கடை சாத்துறதுக்குள்ள குடுத்துட்டு வா" என்றார். சீக்கிரம் கட்டினால் நல்ல பெயர்தானே என்று அம்மாவும் தடுக்கவில்லை. மூன்று மாதமும் இப்படியே நடந்தது. காலையில் கடன், மாலையில் காசு. நான் ஓடிப் போய்க் கொடுக்கும்போதெல்லாம் முதலாளி எனக்கு ஒரு டொபி தருவார்.

அந்த முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாமான் கொடுக்கும்போது பிஸ்கட் பெட்டி அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். கடை சாத்துவதற்கு முன்னால்தான் அதையெல்லாம் கொப்பியில் ஏற்றுவார். நான் காசை நீட்டியதும், எச்சில் தொட்டு அட்டையில் எங்கள் வரியை அழித்துவிடுவார். நானோ டொபியைச் சப்பிக்கொண்டு கொப்பியைத்தான் எட்டிப் பார்ப்பேன். மாமாவின் பக்கம் முழுக்க வரி வரியாக எழுத்து, அவற்றின் மேல் சிவப்புக் கோடுகள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயர் மட்டும், கீழே வெள்ளை. பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் பிழை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து சொன்னேன்: "அப்பா, முழுக் கொப்பியிலயும் நம்ம பக்கந்தான் சுத்தம். மாமா பக்கம் பூராப் பிழை!"

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே என் தீர்ப்புக்கு மறுபேச்சு இல்லை. அன்றைக்கு அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார். அப்பா மாமாவின் வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் முடிந்து கடுதாசி கேட்கப் போனோம். முதலாளி கொப்பியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எதப் பாத்து எழுதச் சொல்றீங்க? ஒங்க பேர்ல ஒண்ணுமே இல்லயே."

"தெனமும் எடுத்தேனே, முதலாளி!"

"தெனமும் கட்டிட்டீங்களே! கொப்பியில ஏத்துறதுக்கு எனக்கு எங்க நேரங்குடுத்தீங்க? அப்புத்தளைக்காரன் வந்தா வெறுந்தாளையா காட்டுறது?"

அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "சுத்தம்னு சொன்னியேடா?"

வாயில் டொபி இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பள்ளி தொடங்க இன்னும் நாலு மாதம் இருந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "முதலாளி, அஞ்சு கிலோ மாவு, ரெண்டு கிலோ சீனி, ஒரு கிலோ பருப்பு. அட்டையில வேணாம். கொப்பியிலயே எழுதுங்க, பேனாவால." பிறகு அப்பாவிடம், "சம்பள நாள் வரைக்கும் காசு டப்பா எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

சம்பள நாள் வரைக்குமான அந்த இருபது நாளும் அப்பா பட்ட பாடு சொல்லி மாளாது. வேலை விட்டு வரும் வழி கடைக்கு முன்னால் போகிறது. அவர் அதை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் புகுந்து, இடுப்பு வரை நனைந்துகொண்டு வந்தார். பார்க்கச் சகியாமல் மாமா பயிற்சி கொடுத்தார். "கடைக்கு முன்னால தல நிமிந்து நடக்கணும், மச்சான். 'என்னா முதலாளி, யாவாரம் எப்பிடி?'ன்னு நாமதான் முந்திக் கேக்கணும்." அப்பா மூன்று நாள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினார். நான்காம் நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு கடைக்கு முன்னால் போய் நின்று, "தந்துருவேன், முதலாளி!" என்று கத்திவிட்டார்.

"நான் கேக்கவே இல்லயேப்பா" என்றார் முதலாளி, கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அப்படிக் கடன்பட்டு, கடுதாசி கிடைத்து, மெஷின் வந்தது. நான் அப்புத்தளைக்குப் படிக்கப் போனேன். ஆனாலும் எனக்கு நன்றாக நினைவில் நிற்பது அந்த முதல் சம்பள நாள்தான்.

சம்பளம் வாங்கிய கையோடு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு இறங்கினார். காசை எண்ணி வைத்தார். முதலாளி சிவப்புப் பேனாவை எடுத்து வரிகளை அடித்தார். அப்பா கொப்பிக்கு மேல் குனிந்தார்.

"அடிச்சிட்டாரா?"

"எல்லா வரியையும் அடிச்சிட்டாருப்பா."

"மேல இருக்கிறது?"

"அது நம்ம பேரு. அத அடிக்க மாட்டாங்க. அது இருந்தாத்தானேப்பா மெஷின் வரும்?" இந்த முறை பிழையில்லாமல் விளக்கிவிட்ட பெருமை எனக்கு.

அப்பா தேயிலைக் கறை படிந்த விரலை அந்தப் பெயரின் மேல் வைத்தார். "அடிக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

பையைத் தூக்கிக்கொண்டு அவர் லயத்துக்கு ஏற ஆரம்பித்தார். வழக்கமாக அந்த ஏற்றத்தில் அவருக்குப் பின்னால் நான்தான் மூச்சிரைக்க ஓடுவேன். அன்றைக்கு அவர் நாலு இடத்தில் நின்றார். சுமைதான் என்று நினைத்து, அவர் கையிலிருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு கிலோ சீனி மட்டும் இருந்தது.