வரைபடம் வராத காலைகள்

எங்கள் மேனேஜருக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இரண்டே வைத்தியம்தான் தெரியும். ஒன்று, அணைத்துவிட்டு மறுபடி போடுவது. இன்னொன்று, என்னைத் திட்டுவது.

மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் ஒப்பந்த ஊழியர். மதில்மேல் இருக்கும் மீட்டர், காற்றில் எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்று ராத்திரி முழுக்கக் குறித்து வைக்கும். நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கம்ப்யூட்டர் நிரல், காலை ஏழு மணிக்கு அதைக் கோடாக வரைந்து தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி வாசல் திரையில் காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்டியது. சில நாள் திரை கறுப்பாகவே கிடந்தது. "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா கான்ட்ராக்ட் நீட்டிக்க மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டார். என் வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

தென்சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் வந்த அன்று ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடியது. "எனக்கு ஒழுங்காத்தானே ஓடுது?" என்றார், ஏதோ அவர் முகத்தைப் பார்த்து அது பயந்துவிட்டது போல. பிரியாணி சாப்பிட்டார், போய்விட்டார். மறுநாள் திரை கறுப்பு. திருஷ்டி என்று முடிவுகட்டிய மேனேஜர் கம்ப்யூட்டர் அறை வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மூன்று நாள் படம் வந்தது. மூன்று நாளும் அந்த மனுஷர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! நாலாம் நாள் மறுபடி கறுப்பு.

அன்று காலை அக்கா போன் செய்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால் சடையங்குப்பத்தில் இருக்கிறாள்.

"இன்னாடி, உன் படம் இன்னிக்கும் புட்டுக்கிச்சா?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"பாப்பாவுக்கு வீசிங் வந்துகீது. படம் வராத அன்னிக்குத்தான் இதுக்கு மூச்சு இழுக்கும். எங்க தெருவுக்கே தெரியும்டி. கறுப்பா இருந்தா புள்ளைங்கள வெளிய வுட மாட்டோம்."

தூ, என் படிப்பும் நானும்! இரண்டு மாதமாக ஸ்கிரிப்டை வரி வரியாக நோண்டியவள், கறுத்த நாட்களில் மீட்டர் என்ன எழுதியது என்று ஒரு தடவையாவது திறந்து பார்த்தேனா? திறந்தேன். விடியற்காலை நாலு மணி வரை எண்கள். அப்புறம் எண்ணுக்குப் பதில் 'ஓவர்', 'ஓவர்' என்று வரிசையாக. வாயு மீட்டரின் அளவைத் தாண்டினால் அது அப்படித்தான் எழுதுமாம். என் ஸ்கிரிப்டுக்கு எண்ணை மட்டும்தான் வரையத் தெரியும், எழுத்தைக் கண்டதும் படுத்துவிட்டது.

மேனேஜரிடம் காட்டினேன். அந்த நேரங்களைச் சிவப்பில் போடலாம் என்றேன்.

"எதுக்கு? ஓவர்னு வர்றதை விட்டுட்டு மீதியை வரைம்மா. மீட்டராலயே அளக்க முடியாததை நாம எதுக்குச் சொல்லணும்?"

அடேயப்பா, என்ன ஞானம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இதில் அவரை மட்டும் காறித் துப்ப எனக்கு யோக்கியதை இல்லை. மறைத்தது என் கை. 'ஓவர்' வந்தால் தாண்டிப் போகும்படி ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் தினமும் படம் வந்தது. "கெட்டிக்காரி" என்றார். கான்ட்ராக்ட் காகிதம் மேசைக்கு வந்துவிட்டது, மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா மறுபடி கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "கோடு கீழதானே கீதுன்னு பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்புனேன்டி. மூச்சு வுட முடியலன்னு டீச்சர் போன் பண்றாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போறோம்."

அன்றைய ஃபைலைத் திறந்தேன். ஐந்து மணியிலிருந்து ஓவர். நான் சேர்த்த வரியை அழித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திரை கறுத்தது. மேனேஜர் பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பினார். என் காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. மாதக் கடைசியோடு வேலை போனது.

பூசணிக்காய் உடைந்த அன்று அக்கா போன் செய்திருந்தாள். "படம் வரலடி. பாப்பா வூட்லதான் கீது" என்றாள்.