தம்பியின் கைக்கு ஒரு கேமரா

போனஸ் வந்த அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. உத்திரமேரூர் பஜாரில் தம்பி வேலை செய்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அவன் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்திலிருந்த பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு கேமரா வாங்கித் தரேன்டா. எது வேணும்னு பார்த்து வெச்சிக்கோ" என்றேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெய்யாலுமாக்கா சொல்றே?"

"பின்ன, வெளையாட்டுக்கா சொல்றாங்க?"

அவன் அந்தப் பெண்ணைப் பாதிப் பருவோடு அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். திரும்புவதற்கு அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் நகர்த்த வேண்டியிருந்தது.

அவனுக்குத் தசை கரைகிற நோய். காஞ்சிபுரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது பஸ் படியில் ஏற முடியவில்லை என்றான். சோம்பல் என்று நினைத்தோம். பிறகு தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். "மருந்து எதுவும் இல்லைங்க. ஆனா மெதுவாத்தான் போகும்" என்றார் டாக்டர். நோய் மெதுவாக முற்றும் என்று அவர் சொன்னதை நைனா, எங்கள் அப்பா, அது மெதுவாக விட்டுப் போய்விடும் என்று எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பும் வழியெல்லாம், "மெதுவாத்தான் போவுமாம். போனா சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அவரைத் திருத்தவில்லை.

காலேஜ் நின்றது. பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் அவனைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் வேலை கொடுத்தார். கூடவே, யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்த ஒரு பழைய ஃபிலிம் கேமராவையும் கொடுத்தார். அதிலிருந்துதான் பறவைப் பைத்தியம் பிடித்தது. வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற பறவைகள் இரை தேடி எங்கள் ஏரிக்கு வரும். நைனா விடியற்காலையில் அவனை மொபெட்டில் உட்காரவைத்து மதகுக்கு அருகே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கழனிக்குப் போவார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து கூட்டிவருவார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் தண்ணீரும் வானமும்தான் இருக்கும். நடுவில் எள்ளைத் தூவியதுபோலச் சில புள்ளிகள்.

"இது கூழைக்கடா நைனா. இது நத்தைகுத்தி."

"எல்லாம் கொக்குதான் போ" என்பார் அவர்.

நான் கேமரா என்று சொன்ன பிறகு அவன் பிரவுசிங் சென்டரிலேயே குடியிருந்தான். அங்கே படித்ததையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குச் சொல்வான். கடைசியில் போட்டி இரண்டுக்கு நடுவில் வந்து நின்றது. ஒன்று டிஎஸ்எல்ஆர், லென்ஸை மாற்றி மாட்டுகிற பெரிய கேமரா, முதல்முதலாக வாங்குகிறவர்களுக்கென்று வந்தது. அழுத்தின நொடியிலேயே எடுத்துவிடும், மங்கின வெளிச்சத்திலும் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் கூட வருகிற லென்ஸ் எட்டாது. தூரத்துக்கு வேறு லென்ஸ் பிறகுதான் வாங்க வேண்டும். மற்றது சூப்பர் ஸூம். சின்னது. லென்ஸ் தனியாகக் கழற்ற முடியாது, உள்ளிருந்தே நீண்டு வரும். ஏரியின் அக்கரையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

"ஆனா அமுக்கினா, கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுத்தான்கா எடுக்கும். அதுக்குள்ள பறவை பறந்தே போயிடும். வெளிச்சம் கொறைஞ்சா படம் மணல் மணலா வருது."

"அப்போ பெருசே வாங்கிடலாம்" என்றேன்.

"பெருசுதான். கிட்டப் போய் எடுத்துக்கினா போச்சு."

கிட்டப் போவது என்றால் கரையை விட்டிறங்கிச் சேற்றில் நடக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நைனாதான் கேட்டார்:

"பெருசு இன்னா கனம் கீது?"

"முக்கால் கிலோ வரும் நைனா."

"சின்னது?"

அவன் தட்டில் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். அந்தச் சமயத்தில் அவனால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. அம்மாதான் தலை வாரிவிடுவாள். சட்டை மாட்டிவிடுவது நைனா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடப் புழக்கடைக்குப் போனேன். அவன் வேப்பமரத்தடியில் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில். இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கினான். மார்பு வரை வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கினான். கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நடுங்கி, மடியில் விழுந்தது. மூடியைத் திறந்து கொஞ்சம் தண்ணீரைக் கீழே ஊற்றினான். மறுபடி தூக்கினான். நான் ஈரத்துணியோடு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டேன். சமையற்கட்டில் அம்மா, "ஏன்டி, காயப்போடலியா?" என்று கேட்டாள். "வெயில் வரட்டும்" என்றேன்.

அன்றைக்கே நான் அவனிடம் சின்னதை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. பெரிய கேமராவை அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை நான் மனசில் பார்த்து வைத்திருந்தேன். அதை எடுத்துப்போட எனக்கு மனசு வரவில்லை.

வாடகைக் கார் வைத்துக்கொண்டு நானும் தம்பியும் நைனாவும் சென்னைக்குப் போனோம். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேமரா கடை. வாசலில் படிகள். நைனா குனிந்து முதுகைக் காட்டினார். மீசை வைத்த பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு அவர் ஏறியபோது உள்ளேயிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கடையிலிருந்த விற்பனையாளர் இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தார். தம்பி பெரியதைத்தான் முதலில் எடுத்தான். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, அதில் கண்ணை வைத்து என்னைப் பார்த்து அழுத்தினான். டக்கென்று உள்ளே ஏதோ தட்டி விழுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு அவன் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். நைனாவை ஒன்று எடுத்தான், கூரையில் சுற்றிய மின்விசிறியை ஒன்று எடுத்தான்.

பிறகு நாற்காலியைப் பின்னால் இழுக்கச் சொன்னான். நைனா இழுத்தார். இப்போது ஊன்றிக்கொள்ள மேஜை இல்லை. ஏரிக்கரையிலும் மேஜை இல்லை, அதனால்தான் அப்படிக் கேட்டான் என்பது எனக்குப் புரிந்தது. தூக்கினான். கேமரா மோவாய் வரை வந்து நின்றுவிட்டது. அவன் தலையைக் கீழே இறக்கி அதை எட்டப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. விற்பனையாளர் சட்டென்று குனிந்து, அலமாரியில் எதையோ தேடுவதுபோல இருந்தார்.

நைனா சொன்னார்: "பெருசே வாங்கு. நான் கூட இருந்து தூக்கிப் புடிச்சிக்கிறேன். நீ கண்ணை வெச்சிப் பாரு."

தம்பி கேமராவை மடியில் இறக்கி வைத்தான். "நீ புடிச்சா நீ திருப்பற பக்கம்தான் நைனா படம் வரும். நான் பார்க்கற பக்கம் வராது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு சின்னதைக் கேட்டான். அது அவன் கைக்குள் அடங்கியது. நெஞ்சுக்கு நேரே பிடித்தால் போதும். பின்னால் இருந்த திரையிலேயே எல்லாம் தெரிந்தது. கண்ணாடிக் கதவு வழியே எதிர்ச்சாரிக் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயைப் பக்கத்தில் இழுத்தான். அதன் மூக்கில் ஒட்டியிருந்த சோற்றுப்பருக்கை தெரிந்தது. "இதுவே நல்லா கீதுக்கா. ஸூம் பாரேன். இதையே குடுக்கச் சொல்லு" என்றான். தன் குரலில் சந்தோஷம் வர வேண்டும் என்று எவ்வளவோ முயற்சி செய்தான்.

நான் பணம் கட்டப் போன இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். மேஜைமேல் இருந்த பெரிய கேமராவின் லென்ஸ் மூடியை எடுத்து அவனே மூடி, விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, விற்பனையாளர் பக்கம் தள்ளினான்.

காரில் ஊருக்குத் திரும்பினோம். செங்கல்பட்டு தாண்டிய பிறகு நைனா, "டிரைவர் தம்பி, டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். கடைக்குப் பின்பக்கம் போனவர் நெடுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அந்தச் சின்ன கேமரா அவனுக்கு நிறையக் கொடுத்தது, அதை நான் சொல்லாமல் விடக்கூடாது. மதகின் மேல் உட்கார்ந்தபடியே அக்கரைக் கருவேல மரத்திலிருந்த நீர்க்காகங்களை எடுத்தான். கரண்டிவாயன் வாயைத் தண்ணீரில் துழாவுவதை எடுத்தான். கேமரா யோசித்து எடுப்பதற்கு அவன் பழகிக்கொண்டான். பறவை கிளம்புவதற்கு முன்பே, அது கழுத்தைச் சுருக்கும்போதே அழுத்திவிடுவான். "அது எழும்பும்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டால், "பார்த்துக்கினே இருந்தா தெரியும்" என்பான். ஸ்டுடியோக்கார பாய் அவன் எடுத்த கூழைக்கடா ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கல்யாண ஜோடிகளின் படங்களுக்கு நடுவே கடை முகப்பில் மாட்டினார்.

என் கல்யாணத்துக்கும் தானே படம் எடுப்பதாகச் சொன்னான். முன்வரிசையில் உட்காரவைத்தோம். ஆனால் மனுஷர்கள் பறவைகள் மாதிரி முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதில்லையே. மண்டபத்தில் வெளிச்சமும் போதவில்லை. தாலி கட்டுகிற நொடி அவன் படத்தில் இல்லை. கட்டி முடிந்து, நான் தலை நிமிர்ந்து கூட்டத்தில் அவனைத் தேடுகிற முகம்தான் இருக்கிறது, மணல் மணலாக. "லேட்டாயிடுச்சிக்கா. பெருசா இருந்தா புடிச்சிருப்பேன்" என்றான். கடையிலிருந்து வந்த பிறகு, அந்த ஒரு தடவை தவிர, அவன் பெரிய கேமராவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அந்தச் சின்னதும் அவனுக்குக் கனமானது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் கேமராவை வைத்தான். அதற்கப்புறம் விரலுக்கு அழுத்தத் தெம்பில்லாமல் போனது. ஒரு ஞாயிறு, கல்யாணமாகிப் போன செங்கல்பட்டிலிருந்து நான் வந்தபோது நைனாவும் தம்பியும் வீட்டில் இல்லை. ஏரிக்கரைக்குப் போனேன். நைனா அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கேமராவை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இந்தாண்ட. இன்னும். மேல போவாத. அப்படியே நில்லு... இப்போ."

நைனா அழுத்தினார். "வந்துச்சா?"

"வந்துச்சி."

"இது இன்னா கொக்கு?"

"செங்கால் நாரை நைனா."

நான் கிட்டே போகாமல் புளியமரத்தடியிலேயே நின்றேன். நைனாவின் கைகளும் லேசாக ஆடின. வயதாகிவிட்டது அவருக்கும்.

ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்த ஐப்பசியில் தம்பிக்குச் சளி பிடித்தது. இருமித் துப்ப அவன் நெஞ்சில் தெம்பு இல்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். பேச முடியாதபோதும் என்னைப் பார்த்து ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினான். வெளியே மின்கம்பியில் ஏதோ குருவி. பெயர் எனக்குத் தெரியவில்லை. அவன் உதட்டை அசைத்தான், எனக்கு விளங்கவில்லை. மறுநாள் மத்தியானம், நைனா சாப்பிடப் போயிருந்தபோது, மூச்சு நின்றுவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த நைனா வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும் நாள் காலையில் அவர் கேமராவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "உள்ள கீறதை எப்படிப் பார்க்கறது? எனக்கு அமுக்கத்தான் தெரியும்" என்றார்.

நான் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்தச் சொன்னார். பறவையின் பெயர் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. ஆனால் இது மொபெட் சேற்றில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு, இது அவன் இட்லி வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு, இது தூறல் போட்டுத் துண்டை அவன் தலையில் போட்ட அன்றைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கீதா?"

"அவ்ளோதான் நைனா."

அவர் தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மொதல்லேர்ந்து போடு" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.